எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பொழுதுபோக்கு என்று பெயர் பெற்றவை யாவும் பொழுதை வீணே போக்குவன அல்ல. முத்திரை சேர்ப்பவன் உலகப் படத்தைக் கற்கிறான். வீட்டுத்தோட்டம் செய்பவள் மண்ணின் குணத்தை அறிகிறாள். கையால் ஒரு பொருளை ஆக்கும் பொழுதுபோக்குகளுக்கோ இவற்றினும் சிறப்பொன்று உண்டு. கை ஒரு பொருளை உருவாக்கும்போது மனம் அப்பொருளைப் பற்றி வினவத் தொடங்கிவிடும். இஃது ஏன் இவ்வடிவில் அமைந்தது? இதனைச் செய்தவர் யார்? இதனாற் பயன் பெற்றவர் யார், துன்புற்றவர் யார்? வினாக்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய் வரும்.

பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டி விமானம், கப்பல், ஊர்தி முதலியவற்றின் மாதிரிகளைக் கட்டுதல் இன்று பல நாடுகளிலும் சிறுவரும் பெரியோரும் விரும்பிச் செய்யும் கைவேலையாகும். எம் இல்லத்திலும் சென்ற பாடசாலை விடுமுறையில் இவ்வேலை நடைபெற்றது. கட்டியவன் எம் மகன், வயது பன்னிரண்டு. கட்டப்பட்டது ஒரு போர்விமானம். போர்விமானங்களுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்காய்ப் பதுங்குகுழியிற் காலங்கழித்த ஒரு மூதாட்டியின் கண்முன்னே, அவருடைய பேரன் போர்விமானம் ஒன்றை ஆசையோடு கட்டினான் என்றால், அதனை வெறும் விளையாட்டென்று எளிதிற் சொல்லிவிட முடியுமா? அதுபற்றியே இதனை எழுத முற்பட்டோம்.

கானல் என்னும் விமானம்

பெட்டியை அனுப்பியவர் சுவிற்சர்லாந்தில் வாழும் எம் மைத்துனர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் எம்மவர் ஆயிரக்கணக்கிற் குடியேறிய நாடுகளுள் அதுவும் ஒன்றென்பதை வாசகர் அறிவர். சூரிச் நகருக்கு அண்மையில் டூபென்டோர்ப் என்னுமிடத்தில் விமானப்படை நூதனசாலை ஒன்று உண்டு. அங்கே ஓய்வுபெற்று நிற்கும் மிராஜ் விமானத்தைக் கண்டபொழுது மாமாவுக்கு மருமகனின் நினைவு வந்ததாம். அவ்விமானத்தின் மாதிரியையே வாங்கி அனுப்பிவிட்டார்.

மிராஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கானல் என்பது பொருள். பிரான்சின் டசோல்ற் நிறுவனத்தார் ஆக்கிய மிராஜ் 3 விமானம் 1956 நவம்பர் 17ஆந் திகதி முதன்முதலில் வானிற் பறந்தது. 1958 ஒக்ரோபர் 24ஆந் திகதி, மட்டமாகப் பறக்கையில் ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தை எட்டிய முதல் ஐரோப்பிய விமானம் என்னும் பெயரையும் அது பெற்றது.

சுவிற்சர்லாந்து இவ்விமானங்களை வாங்கிய வரலாறு மாணவர் அறிந்திருக்கத்தக்கது. 1961ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நூறு விமானங்களுக்காக 871 மில்லியன் பிராங் பணத்துக்கு இசைவு தந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1964இல், இன்னும் 576 மில்லியன் பிராங் வேண்டுமென அரசாங்கம் கேட்டது. மக்கட் பிரதிநிதிகள் இணங்கவில்லை. விசாரணைக் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு பிராங்குக்கும் கணக்குக் கேட்டனர். முடிவில் நூறு என்ற தொகை ஐம்பத்தேழாகக் குறைந்தது. அவ்வாறு வந்த போர்விமானங்கள் 1999 வரை மலைகளுக்கு மேலே காவற்பறப்புச் செய்து ஓய்வுபெற்றன. போர் ஒன்றையும் அவை கண்டதில்லை. போர்விமானத்தைக் கொண்டும் ஒரு நாட்டு மக்கள் இப்படி வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எம்போன்றோருக்குச் சற்று வியப்பைத் தருவதே.

கட்டும் முறை

பெட்டியைத் திறந்தால் அங்கே விமானம் இராது. கிளையில் இலைகள் ஒட்டியிருப்பதுபோல, மெல்லிய பிளாஸ்ரிக் சட்டங்களிற் சாம்பல் நிறத் துண்டுகள் பல ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அவற்றுடன், கட்டும் ஒழுங்கைப் படங்களாற் காட்டும் ஒரு தாளும், விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிபோன்ற மூடியும், நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களும் இருக்கும்.

துண்டுகளை முதலிற் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தல் வேண்டும். வார்ப்பச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பற்று அவற்றில் இருந்தால் வர்ணம் பிடியாது. பின்னர், வேண்டிய துண்டை மாத்திரம் சிறு குறட்டால் வெட்டி எடுத்து, மிஞ்சிய முளையைக் கூரிய அலகாற் சீவி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்தல் வேண்டும். கையால் முறித்தெடுப்பவன் துண்டின் ஓரத்தையும் சேர்த்தே முறித்துவிடுவான். அலகு பிடிக்கும் வேளையிற் பெரியவர் ஒருவர் அருகே இருத்தல் நன்று. பசையும் வர்ணமும் மணம் மிக்கவை. ஆதலால் யன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்தல் வேண்டும். எம் மகனின் வேலைமேசை திண்ணையிலேயே இடப்பட்டது.

இவ்வேலைக்குரிய பசையின் இயல்பு தனியானது. மாப்பசையைப்போல் அஃது இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று பிடிப்பதன்று. பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கின்றது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றாகி இறுகுகின்றன. ஆகவே ஒரு துளி போதும். மிகுதியாக இட்டால் இணைப்பின் வெளியே வழிந்து, விரலின் இரேகைகூட விமானத்தின் முதுகிற் பதிந்துவிடும். சிறுவர்க்குப் பொறுமையைக் கற்பிக்க நாம் எத்தனையோ நீதிமொழிகளைச் சொல்கின்றோம். ஒரு துளிப் பசையும் அரைமணி நேரக் காத்திருப்பும் அதனைச் சொல்லாமலே கற்பித்துவிடுகின்றன.

விமானியின் அறையே முதல் வேலை. உடல் இரண்டு பாதிகளாக வரும். அவற்றை மூடிவிட்டால் உள்ளே தூரிகை செல்லாது. எனவே இருக்கை, கருவிப்பலகை, கட்டுப்பாட்டுக் கோல் ஆகியவற்றுக்கு முன்னரே வர்ணமிட்டு, ஈரம் உலர்ந்தபின் உள்ளே வைக்க வேண்டும். வர்ணத்தைக் கலக்க எம் மகன் எடுத்தது தென்னை ஈர்க்கு. மூக்குப் பகுதியினுள்ளே சிறிது பாரமும் வைக்க வேண்டும். இன்றேல் மூன்று சில்லுகளில் நிற்க வேண்டிய விமானம் வாலிற் குந்திவிடும். மீன்வலையிற் கட்டும் ஈயமணிகள் இரண்டு அதற்குப் போதுமாயின. ஈயத்தைத் தொட்டவர் கையை நன்கு கழுவுதல் வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

துண்டுகளைப் பொருத்திக்கொண்டு போகையில் விமானத்தின் அறிவியலும் உடன் வந்தது. காற்று உட்புகும் வாய்கள் இரண்டிலும் அரைக்கூம்பு வடிவான துண்டுகள் இருந்தன. ஒலியை மிஞ்சிய வேகத்திற் பறக்கும்போது, இயந்திரத்துக்குள் நுழையும் காற்றை அடக்கி மெதுவாக்குவதற்காக அவை முன்னும் பின்னும் நகருமாம். பிரெஞ்சுப் பொறியியலாளர் அவற்றுக்கு இட்ட பெயர் சுண்டெலி! இதனைக் கேட்ட நாள்தொட்டு மகனுக்கு அவ்விமானத்தில் அன்பு இன்னும் கூடிற்று.

சிறகுகள் முக்கோண வடிவானவை. முக்கோணச் சிறகு மெல்லியதாயிருந்தும் உறுதியுடையது, உயர்ந்த வேகத்திற் காற்றின் தடையைக் குறைப்பது, எரிபொருளுக்கும் இடந்தருவது. ஆயின் தரையிறங்கும்போது மூக்கை உயர்த்தி மிக்க வேகத்துடன் வந்து இறங்க வேண்டும்; நெடிய ஓடுபாதையும் வேண்டும். ஒரு நன்மையைப் பெறும்போது மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்னும் உண்மை விமானச் சிறகிலும் எழுதப்பட்டிருக்கின்றது.

அப்பாச்சி கண்ட உருவம்

நான்காம் நாள் மாலை. சுவிற்சர்லாந்தார் பிற்காலத்திலே தம் மிராஜ் விமானங்களுக்குக் காற்றுவாய்களின் மேலே இரண்டு சிறு முன்சிறகுகளைப் பொருத்தினர். அவ்விரு துண்டுகளையும் மகன் ஒட்டி, உலர்வதற்காக மேசைமேல் வைத்திருந்தான். கோயிலுக்குப் போய்த் திரும்பிய எம் தாயார் திண்ணையில் ஏறியவர், அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, உது கிபிரெல்லோ? உதை ஏன் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாய்?”

“இல்லை அப்பாச்சி, இது மிராஜ். மாமா இருக்கிற நாட்டு விமானம்.”

“பேரை ஆரும் என்னவும் வைக்கட்டும். எனக்கு இந்த உருவம் தெரியும்.”

அவர் சொன்னது சரியே. கிபிர் என்பது மிராஜின் வழிவந்த விமானந்தான். மிராஜ் 5இன் உடலை அடியாகக் கொண்டு, பிரெஞ்சு இயந்திரத்துக்குப் பதிலாக அமெரிக்காவின் ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தி, இஸ்ரேல் நாட்டார் அதனை ஆக்கினர்; 1975 ஏப்ரலில் உலகுக்குக் காட்டினர். அதே முக்கோணச் சிறகு. அதன் பிற்கால வடிவிலே அதே முன்சிறகுகள். ஹீப்ரு மொழியிற் கிபிர் என்றால் இளஞ்சிங்கம் என்று பொருள். எமது தீவுக்கு அது வந்தது 1996இல்.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது எம் குடும்பமும் நடந்தது. அடுத்த ஆண்டு வன்னியில் ஒரு கொட்டில் அமைத்தோம். கொட்டிலுக்கு முன்னரே பதுங்குகுழி வெட்டினோம். அக்காலத்து மக்கள் விமானங்களுக்குத் தாமே பெயரிட்டிருந்தனர். குண்டு வீசுவது பொம்மர். மெல்ல ஊர்ந்து வருவது சகடை. கிபிருக்கு வேறு பெயர் வைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இவ்விடத்தில் மாதிரி விமானங்களின் பழங்கதை ஒன்றைக் கூற வேண்டும். ஆறு அடியை ஓர் அங்குலமாக்குவது, அஃதாவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவுத்திட்டம், 1930களிலே பிரித்தானியாவில் மாதிரி கட்டுவோரிடையே பரவியது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது அதே அளவிற் செய்த மாதிரிகள் வேறொரு தொழிலுக்குப் பயன்பட்டன. வானத்திற் கரிய நிழலாய்த் தோன்றும் விமானம் நண்பனுடையதா பகைவனுடையதா என்பதைக் கண்ட மாத்திரத்தில் அறியப் போர்வீரரைப் பயிற்றுவதே அத்தொழில். 1942இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரை வேண்டி, மரத்தினால் ஐந்து இலட்சம் மாதிரிகள் செய்விக்க முயன்றது. அப்படியெல்லாம் முயன்று பயில வேண்டிய ஒரு கல்வியை எம் தாயார் மாதிரி ஒன்றும் இன்றியே பயின்றிருக்கிறார். இத்தனை ஆண்டு கழிந்தும், ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்ரிக் துண்டில் அவ்வுருவத்தைக் கண்டு நிற்கிறார்.

அன்றிரவு எம் இல்லாளும் நாமும் இதுபற்றிப் பேசினோம். பெட்டியை மூடி வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். முதியவர் மனம் நோகப் பிள்ளை விளையாட வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் ஏன் மூடுகிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன விடை சொல்வது? போர் முடிந்தபின் பிறந்தவன் அவன். வானத்தில் ஒலி கேட்டால் வெளியே ஓடிவந்து பார்ப்பவன். நாமோ ஒலி கேட்டால் உள்ளே ஓடியவர்கள். இந்த இரண்டு ஓட்டங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை வாய் திறவாதிருந்து குறைக்க இயலாது.

வழக்கைத் தீர்த்தவர் தாயாரே. மறுநாட் காலை, மேசை வெறுமையாய் இருப்பதைக் கண்டு பேரனை அழைத்தார்.

“எடுத்துக் கட்டு ராசா. உதின்ரை வயித்துக்குள்ளை என்ன இருக்கெண்டு நானும் பாக்க வேணும்.”

அன்று முதல் அவருடைய சாய்மனைக் கதிரை மேசையருகே இடப்பட்டது.

சிறுவன் போட்ட கணக்கு

பார்த்திருப்பவர் கேட்காதிருப்பாரா? அப்பாச்சி கேள்விகளைத் தொடங்கினார். பேரன் கொப்பியையும் அடிமட்டத்தையும் எடுத்தான்.

மெய்யான விமானத்தின் நீளம் ஏறத்தாழ 15 மீற்றர்; சிறகின் அகலம் 8.22 மீற்றர். எழுபத்திரண்டாற் பிரித்தால் நீளம் 21 சென்ரிமீற்றருக்கு அண்மையிலும், அகலம் 11.4 சென்ரிமீற்றராகவும் வரும். மாதிரி அவ்வாறே இருந்தது. “இவ்வளவுதானோ?” என்றார் அப்பாச்சி. “அப்படியெண்டால் எங்கடை பனை எவ்வளவு?” முற்றத்துப் பனை அறுபது அடி என்று வைத்தால், அவ்வளவுத்திட்டத்தில் பத்து அங்குலம். விமானத்தை நிமிர்த்தி வைத்தாலும் பனை அதனினும் உயரம்! இதனைக் கேட்டு அவர் சிரித்தார்.

“நான் எவ்வளவு?” அப்பாச்சியின் உயரம் ஐந்து அடி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு 21 மில்லிமீற்றர். நெருப்புக்குச்சி ஒன்றை ஏறத்தாழப் பாதியாக முறித்து, “இதுதான் நீங்கள்” என்று மேசைமேல் நிறுத்தினான். “பங்கர்?” நீளம் எட்டு அடி, அகலம் நான்கு அடி. கணக்கில் அது 34 மில்லிமீற்றருக்கு 17 மில்லிமீற்றர். நெருப்புப்பெட்டி ஒன்றில் மூன்றிலொரு பங்கு இடம். அதனுள்ளே நாம் எத்தனை பேர் இருந்தோம் என்று பேரன் கேட்டான். ஏழு பேர் என்று அப்பாச்சி சொன்னார். அவன் குச்சிகளை ஏழாக முறித்து அந்த இடத்தில் அடுக்கிப் பார்த்தான். அடுக்கிய பின் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

அடுத்த நாள் அயல்வீட்டு மேல்மாடிக்குச் சென்றான். அம்மாடி முற்றத்திலிருந்து இருபது அடி உயரம். எழுபத்திரண்டாற் பெருக்கினால் 1440 அடி. முற்றத்து மணலிலே ஒரு பாதிக்குச்சியை நட்டுவிட்டு, மேலேயிருந்து பார்த்தான். ஏதோ ஒன்று நிற்பது தெரிந்ததாம். அது குச்சியா, ஈர்க்குத் துண்டா, சருகா என்பது தெரியவில்லையாம். “அப்பா, மேலே இருந்து பார்த்தால் அப்பாச்சியைத் தெரியாது” என்று வந்து சொன்னான். போரைப் பற்றிப் பலர் எழுதிய பல பக்கங்களை நாம் வாசித்ததுண்டு. அவ்வொரு வசனம் எம் நெஞ்சில் நிலைத்ததுபோல் அவை நிலைக்கவில்லை.

எல்லாவற்றினும் பெரிய கணக்கு ஒலியைப் பற்றியது. “சத்தம் கேட்டு எழும்ப முந்தியே அது தலைக்கு மேலை நிக்கும்” என்று எம் தாயார் எப்போதும் சொல்வார். அச்சத்தினால் அப்படித் தோன்றியிருக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. மகன் இதனையும் கொப்பியில் எழுதினான். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர் என்று கொள்வோம். அது விநாடிக்கு 250 மீற்றர். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர். விமானம் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும்போது எழுந்த ஒலி எம் காதை அடைய 14.7 விநாடி செல்லும். அதே தூரத்தை விமானம் கடக்க 20 விநாடி. ஒலி வந்து சேரும்போது விமானமும் பெருந்தூரம் நெருங்கி வந்துவிடுகின்றது. இரண்டுக்கும் இடையே எஞ்சுவது 5.3 விநாடி.

அடுப்படியிலிருந்து பதுங்குகுழி நாற்பது அடி தூரம். இடுப்பிற் குழந்தையோடு ஓடுபவர் விநாடிக்கு இரண்டு மீற்றர் ஓடினாலும் ஆறு விநாடி வேண்டும். சிறுவன் இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடிட்டான். “அப்பாச்சி, நீங்கள் சொன்னது சரி” என்றான். “உங்களுக்கு நேரம் காணாதுதான்.”

எம் தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அதுதான் ராசா, பிறகு பிறகு நான் பங்கர் வாசலிலேயே அடுப்பை மூட்டினனான்” என்றார். இத்தனை ஆண்டுகளில் எமக்கு அவர் அதனைச் சொன்னதில்லை. புகை கண்ணைக் கரிக்க அங்கே ஏன் சமைக்கிறார் என்று நாம் அந்நாளில் எண்ணியதுண்டு. அவருடைய கால்கள் அந்தக் கணக்கை எழுத்தின்றியே போட்டு விடை கண்டிருந்தன.

வர்ணம் தீட்டல்

கட்டிய விமானத்துக்கு வர்ணமிடுதல் தனிக்கலை. இணைப்புகளிற் காணும் வெடிப்புகளை நிரப்பி, நீர் தொட்டுத் தேய்த்து, முதலில் மங்கலான சாம்பல் நிற அடிப்பூச்சு இட வேண்டும். அது மறைந்திருந்த கீறல்களைக் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்திய பின்னரே மேற்பூச்சு. வர்ணத்தைத் தடிப்பாக ஒருமுறை பூசுவதினும், நீர்க்கப் பலமுறை பூசுவதே சிறந்தது. தடித்த வர்ணம் விமானத்தின் நுண்ணிய கோடுகளை விழுங்கிவிடும். தொலைவில் உள்ள பொருள் வெளிறித் தோன்றுமன்றோ? ஆதலால் சிறிய மாதிரிக்கு மெய்யான நிறத்தினும் சிறிது வெளிறிய நிறமே பொருந்தும் என்பர் தேர்ந்தவர்கள்.

மகன் தீட்டியது சாம்பல் நிறம். அதன் மேலே பளபளப்பான தெளிபூச்சு ஒன்று. அடையாளப் படங்கள் வழவழப்பான பரப்பிலேதான் மடிப்பின்றிப் படியும். படத்தை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து தூரிகையால் நழுவவிட்டு, உரிய இடத்தில் இருத்தி, பஞ்சால் நீரை ஒற்றியெடுக்க வேண்டும். செந்நிற வட்டத்துள்ளே வெண்ணிறச் சிலுவை சிறகிற் படிந்தபோது அப்பாச்சி முன்னே சாய்ந்து பார்த்தார்.

“இது ஆசுப்பத்திரிக் கூரையிலை போடுற குறியெல்லோ?”

நிறம் மாறியது என்று பேரன் விளக்கினான். வெள்ளையிற் செஞ்சிலுவை வைத்தியசாலைக்குரியது. சிவப்பில் வெண்சிலுவை சுவிற்சர்லாந்துக்குரியது. 1864இல் ஜெனீவா நகரிலே, போரிற் காயமடைந்தோரைக் காப்பதற்கான உடன்படிக்கையை நாடுகள் செய்தபோது, செஞ்சிலுவையே அடையாளமாக ஏற்கப்பட்டது. அது சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்ததாகும். விமானத்தின் சிறகிலும், விமானத்துக்கு அஞ்சியோர் ஒதுங்கிய கூரையிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே குறி என்பதை அன்றுதான் நாமும் சிந்தித்தோம்.

பெட்டியில் இல்லாதவை

இவ்வகை மாதிரிகள் போரைச் சிறுவர்க்கு இனிப்பாக்கிக் கொடுக்கின்றன என்று வருந்துவோர் உண்டு. பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்தால் அவ்வருத்தம் பொய்யெனத் தோன்றாது. அங்கே நீலவானம், வெண்முகில், அழகிய விமானம். கீழே ஒருவரும் இலர். ஆனாற் பெட்டியை வீட்டுக்கு வெளியே வைப்பதனால் மாத்திரம் இக்குறை தீராது. பெட்டியில் இல்லாதவற்றை வீட்டிலுள்ளோர் கொடுக்க வேண்டும். பனையும், அடுப்படியும், எட்டடிக் குழியும், ஐந்தடி மனிதரும் எந்த நிறுவனத்தாரின் பெட்டியிலும் வருவதில்லை. அவை முதியோரின் நினைவில் இருக்கின்றன. அவற்றையும் அதே அளவுத்திட்டத்திற் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும்போதுதான் மாதிரி முழுமை பெறுகின்றது.

மாணவர்க்கும் ஒரு சொல். விமானத்தை வெறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முக்கோணச் சிறகின் நுட்பம் மெய்யான நுட்பமே. சுண்டெலிக் கூம்பை நினைத்தவர் மெய்யான அறிவாளியே. அந்த அறிவை வியக்கத்தான் வேண்டும். வியந்தபின், அது யார் மேலே பறந்தது என்றும் கேட்க வேண்டும். சுவிற்சர்லாந்துப் பாராளுமன்றத்தார் கேட்டது பணக்கணக்கு. எம் மகன் கேட்டது விநாடிக் கணக்கு. இரண்டும் கேட்கத்தக்க கணக்குகளே.

வேலை முடிய இருபத்திரண்டு நாட்கள் சென்றன. முடிந்த விமானத்தை நூலிற் கட்டி, கூடத்து வளையிலே பறப்பதுபோலத் தொங்கவிட வேண்டுமென்பது மகனின் நெடுநாள் ஆசை. ஏணியும் நூலும் ஆயத்தமாயின. அப்பாச்சி தடுத்தார்.

“மேலை கட்டாதை ராசா. உதை அண்ணாந்து பாத்தது காணும். கீழை வை, நான் குனிஞ்சு பாக்கிறன்.”

பேரன் மறுபேச்சுப் பேசவில்லை. புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டிலே விமானம் இப்போது தன் மூன்று சில்லுகளில் நிற்கின்றது. நூதனசாலையில் எழுதிவைப்பதுபோல அவன் ஒரு சிறு அட்டையும் எழுதி முன்னே வைத்திருக்கிறான். அதில் உள்ளவை வருமாறு: “மிராஜ் 3. அளவுத்திட்டம் 1:72. விமானம் 21 சென்ரிமீற்றர். அப்பாச்சி 21 மில்லிமீற்றர். நேரம் 5.3 விநாடி.”

வீட்டுக்கு வரும் விருந்தினர் முதலில் விமானத்தைப் பார்த்துப் புகழ்கின்றனர். பின்னர் அட்டையை வாசித்து, மூன்றாம் நான்காம் வரிகளுக்குப் பொருள் கேட்கின்றனர். விளக்கம் சொல்லும் பொறுப்பை எம் தாயாரே ஏற்றுக்கொண்டுள்ளார்.